ஊதா மருந்து

பிடுங்கிய சின்ன வெங்காயத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குவித்துவிட முடியாது. பச்சைத் தாளோடு குவித்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி அழுகிவிடும். அதனால் பிடுங்கினதைக் காட்டிலேயே வரிசையாகப் படுக்க வைப்பார்கள். ஒரு வரிசையின் காய் மேல் அடுத்த வரிசையின் தாள் விழ வேண்டும். வெயில் காயைத் தொடாமல் தாளை மட்டும் வாட்ட வேண்டும். கழுத்து சுருங்கி, விரலால் நெருடினால் காய்ந்த சருகு மாதிரி சரசரக்கிற பதம் வந்த பிறகுதான் தாள் அரிவது. அரிந்த காயைப் பட்டறையில் ஏற்றுவார்கள். பட்டறை என்பது கல் அடுக்கித் தரையை விட்டு உயர்த்தி, மேலே குச்சி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டிக் கூரை போட்ட ஒரு கூடு. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று நுழைந்து போய்க்கொண்டே இருந்தால் வெங்காயம் மாசக்கணக்கில் கெடாது. காற்று நின்றால் போச்சு.

பாடாலூருக்கு மேற்கே, காத்தாயி வீட்டுக் காட்டில் அந்தத் தை மாதம் தாள் அரிப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் வெங்காயம். கூலிக்கு ஆள் கிடைக்காது. அதனால் வீட்டுக்கு ரெண்டு பெண்கள் என்று வைத்துக்கொண்டு, இன்று உன் காடு நாளை என் காடு என்று மாற்றி மாற்றி அரிவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி குறைந்தால், அந்த வீட்டுக் காட்டுக்கு மற்றவர்களும் குறைந்துதான் வருவார்கள். அதற்காக யாரும் வாய்ச்சண்டை போடுவதில்லை. குறைவாக வருவார்கள், அவ்வளவுதான். வானம் வேறு சில நாளாக மூட்டம் கட்டிக் கிடந்தது. ஒரு தூற்றல் போட்டாலும் காய்ந்த வெங்காயம் மறுபடி ஈரம் குடித்துவிடும். பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் நடக்கும்போதே பரிமளா அரிவாளோடு வந்து உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். புருஷன் வீரமணி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வந்தால் வருவான். மாமியார் முத்தாயியும் அவளுமாகத்தான் அந்த வீட்டின் ரெண்டு பெண்கள்.

அரிவாள் பிடியைக் கால் விரல்களுக்கிடையில் கவ்வி மிதித்துக்கொண்டு, வெங்காயக் கொத்தை அதன் வாயில் கொடுத்து இழுக்க வேண்டும். தாள் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். கழுத்தை ஒட்ட அரிந்தால் காய்க்குள் காற்றும் ஈரமும் இறங்கும். கொஞ்சம் காம்பு விட்டு அரிய வேண்டும். கை தானாகச் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்குப் பரிமளாவின் கை அடிக்கடி நின்றது.

"என்ன பொண்ணு, தூங்கிட்டியா? உன் குமி இன்னும் நாய்க்குட்டி உசரந்தான் இருக்கு" என்றாள் காத்தாயி. முத்தாயிக்கு இளையவள், வாய் அடங்காதவள். அவள் காடு என்பதால் இன்றைக்கு அவளுக்குக் கேட்க உரிமையும் உண்டு.

"அரிஞ்சிக்கிட்டுதான் இருக்கேன்."

"வூட்டுக்காரன் லாரியில வந்து வாரிக்கிட்டுப் போவான்னு பாக்குறியாட்டம் இருக்கு."

முத்தாயி மருமகளின் குவியலில் ஒரு கை தன் காயைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

புங்க மரத்தில் கட்டியிருந்த தூளிக்குள் பிள்ளை முனகினான். அது அழுகையாக மாறுவதற்கு முன்னாலேயே பரிமளாவுக்கு மார் கனத்து, ரவிக்கை நனைந்தது. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. காது கேட்டதும் மார்புக்குள் பால் தங்கியிருக்கும் சிறு சிறு பைகள் தாமாகச் சுருங்குகின்றன; பால் குழாய் வழியே முன்னுக்கு இறங்கிவிடுகிறது. பெற்றவளைக் கேட்டுக்கொண்டு அது நடப்பதில்லை. பல பேருக்கு அந்த நேரம் ஒரு சுகம். பரிமளாவுக்கு அப்படி இல்லை.

எழுந்து மரத்தடிக்குப் போனாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். பிறகு அடுத்த காட்டுப் பக்கம் திரும்பி நின்று, மடியில் முடிந்து வைத்திருந்த சோப்புத் துண்டை எடுத்து மாரையும் தேய்த்துக் கழுவினாள். வெங்காய நெடி, காட்டு மண், பக்கத்துக் கண்ணையன் பருத்திக்கு அடித்த மருந்து, எதுவும் பிள்ளை வாய்க்குப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்னாலும் இப்படித்தான். சோப்பு நுரை பட்டதும் காம்பில் நெருப்புக் கங்கை வைத்த மாதிரி இருந்தது. காம்பின் அடியைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு வெடிப்பு. மறுபக்கம் அதைவிடத் தேவலை, ஒரு கீறல்தான்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். துண்டு நுனியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கால் விரல்கள் அரிவாள் இல்லாமலே சுருண்டு மண்ணைக் கவ்வின. பிள்ளை பற்றியதும் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ போயிற்று. கொஞ்ச நேரத்தில் குறையும் என்று காத்திருந்தாள். குறையவில்லை. கடித்த துண்டில் பல் தடம் ஏற்கனவே இருந்தது.

யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது.

மூத்தது ஒரு பெண். சுகன்யா. அதற்கும் இதே மாதிரி மார் வெடித்தது. அப்போது பரிமளா புதுசு. வலி தாங்காமல் அழுதுவிட்டாள். முத்தாயி பதறிப்போய், பாடாலூருக்கு மகனை அனுப்பிப் புட்டியும் பால் மாவு டப்பாவும் வாங்கிவரச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். புண் ஆறுகிறவரைக்கும் என்று தொடங்கியது. குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும்; குடிக்காவிட்டால் மார் தன்பாட்டுக்குச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். புண் ஆறியபோது பால் வற்றியிருந்தது. சித்திரை வெயிலில், கிணறு இறங்கிப்போன காலத்தில், புட்டியைச் சுத்தமாகக் கழுவ நல்ல தண்ணீர் இல்லை. பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது பரிமளாவின் மடி காலியாக இருந்தது.

அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. புட்டி மட்டும் இருந்தது. முத்தாயி ஆடு வளர்க்கிறவள். போன மாதம் ஒரு ஆடு மூன்று குட்டி போட்டது. ஆட்டுக்குக் காம்பு ரெண்டுதான். சவலையான மூன்றாவது குட்டிக்கு அந்தப் புட்டியில்தான் பால். காலையில் கொட்டிலில் அது புட்டியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் பரிமளா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

இந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தாள். பால்வாடியில் நர்சம்மா சொன்னதில் ஒன்று விடவில்லை. சுத்தம் என்றார்கள், சோப்புப் போட்டாள். வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவள் முதல் பாலைச் சூட்டுப்பால் என்று செடி மூட்டில் பீய்ச்சி விடுவது ஊர் வழக்கம். வெயிலில் பால் கெடாது, வீணாக்காதீர்கள் என்றார்கள். அதையும் விட்டாள். எல்லாம் செய்தும் மார் வெடித்தது.

முந்தின நாள் காய்கறி வாங்குகிற சாக்கில் பாடாலூருக்குப் போயிருந்தாள். மருந்துக் கடையில் ஒரு இளவட்டம் நின்றான். அவனிடம் மாரைப் பற்றி எப்படிச் சொல்வது? "வாயெல்லாம் புண்ணா இருக்கு" என்றாள். அவன் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தான். ஊதா நிறத்தில் மை மாதிரி மருந்து. வாய்ப்புண்ணுக்கு ஆகும் என்றால் எந்தப் புண்ணுக்கும் ஆகும் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

பால் குடித்து முடித்தவனைத் தூளியில் போட்டுவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய் அந்த மருந்தைத் தடவிக்கொண்டாள். ஈர ரவிக்கையை இழுத்துக் கட்டிக்கொண்டு குவியலுக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மறுபடி அழுதான். வயிறு நிறையாத பிள்ளை அப்படித்தான் அழும். மறுபடி போனாள். மறுபடி துண்டைக் கடித்தாள். இந்தத் தடவை கழுவவில்லை. கழுவினால் மருந்து போய்விடுமே.

வெயில் உச்சிக்கு ஏறியபோது கம்மங்கூழுக்கு எழுந்தார்கள். முத்தாயி பேரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மரத்தடிக்குப் போனாள். போனவள் தூளியை விலக்கியபடியே நின்றுவிட்டாள்.

"காத்தாயி. இங்க வா." பிள்ளை மேல் வைத்த கண்ணை எடுக்காமலே கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"புள்ள வாயப் பாரு."

காத்தாயி குனிந்து பார்த்தாள். உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. "நாவப்பழம் தின்ன மாதிரில்ல இருக்கு" என்றவள், தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். "இந்த மாசத்துல ஏது நாவப்பழம்?"

முத்தாயி கண்ணையன் காட்டைப் பார்த்தாள். நேற்று முழுக்கப் பருத்திக்கு மருந்து அடித்திருந்தான். காற்று இந்தப் பக்கம் வீசியது. பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையை வாரி மாரோடு அணைத்துக்கொண்டு வரப்பில் ஓட ஆரம்பித்தாள். அரியப் போட்ட வெங்காயத்தை மிதித்துக்கொண்டு ஓடினாள். அந்தக் காட்டில் யாரும் வெங்காயத்தை மிதிக்க மாட்டார்கள்.

கூழ்ச் சட்டியோடு நின்ற பரிமளாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

"அத்த, நில்லுங்க. அத்த."

முத்தாயி நிற்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் அவள் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. கிட்டே போனபோதுதான் பரிமளாவுக்குக் கேட்டது. "இவனையுமா, இவனையுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டிப்பாதை முக்கில் பரிமளா எட்டி மாமியாரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்த. அது மருந்து. நான் போட்ட மருந்து."

"புள்ளைக்கு என்னாத்துக்குடி மருந்து போட்ட?"

"புள்ளைக்கில்ல. எனக்கு."

"உனக்குப் போட்டது அவன் வாய்க்கு எப்புடிடி போவும்?"

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த காத்தாயிக்குத்தான் முதலில் விளங்கியது. சிரிக்கப் போனாள். பரிமளாவின் ரவிக்கையில் ரெண்டு பக்கமும் பரவியிருந்த ஊதாக் கறையையும், அவள் முகத்தையும் பார்த்து அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"மாரு புண்ணாப் போச்சு அத்த" என்றாள் பரிமளா. "வெடிச்சிருக்கு."

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்தே."

முத்தாயி வரப்பு மேலேயே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டு முந்தானையை எச்சில் தொட்டு உதட்டைத் துடைத்தாள். ஊதா துணியில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பரிமளா மண்ணைப் பார்த்தாள். ஓடி வந்ததில் கால் கட்டைவிரல் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"சொன்னா புட்டி எடுப்பீங்க."

தார் ரோட்டில் திருச்சிப் பக்கம் போகிற பஸ் ஒன்றின் சத்தம் தூரத்தில் எழுந்து தேய்ந்தது.

காத்தாயி முத்தாயியின் தோளைத் தொட்டாள். "வந்தது வந்துட்டோம். இன்னிக்கு எடை போடுற நாளு, நர்சம்மா பால்வாடியிலதான் இருக்கும். காட்டிட்டுப் போயிருவோம். எழுந்திரிக்கா. என் வெங்காயத்த மிதிச்சதுக்கு அப்புறமா பஞ்சாயத்து வச்சிக்கலாம்."

நர்சம்மா வெற்றிச்செல்வி அந்தப் பகுதிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணமாகாத பெண். விக்கிரமங்கலத்துக்காரி. பால்வாடியில் அப்போது கூட்டம் கலைந்திருந்தது. உத்தரத்தில் தொங்கிய தராசைக் கழற்றப் போனவள், மூன்று பெண்களும் ஒரு ஊதா வாய்ப் பிள்ளையும் வந்து நிற்பதைப் பார்த்து அதை விட்டுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டாள். முதலில் பிள்ளையின் வாயைத் திறந்து, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். இல்லை. தராசில் போட்டாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இது ரொம்பக் கம்மியாத்தான் ஏறியிருக்குங்க" என்றாள்.

"பால் பத்தலையா நர்சம்மா?" என்றாள் முத்தாயி. கேட்டுவிட்டு மருமகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருக்கு, பால் இல்லாம என்ன? பிள்ளைக்கு அது போய்ச் சேரலன்னு நினைக்கிறேன். நீங்க பால் குடுங்கக்கா. நான் பாத்தாத்தான் தெரியும்."

கதவைச் சாத்தினாள். பரிமளா பழக்கம் மாறாமல் துண்டு நுனியை எடுத்துப் பல்லில் வைத்தாள். அதை முத்தாயி பார்த்தாள். தினமும் ஒரே வீட்டில் இருக்கிறவள், அந்தத் துண்டை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நர்சம்மா தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை மல்லாந்து மடியில் கிடந்தான். கழுத்தை மட்டும் திருப்பிக் காம்பைப் பற்றியிருந்தான். பரிமளா முதுகை வளைத்து மாரை அவன் வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். அவன் கன்னம் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. ஒரு வாய் விழுங்குவதற்குள் நாலு இழுப்பு இழுத்தான்.

"இப்ப எடுங்க. இழுக்காதீங்க. உங்க சுண்டு விரல அவன் வாயோரமா உள்ள விடுங்க. காத்து பூந்ததும் அவனே விட்டுருவான்."

அப்படியே விட்டான். வெளியே வந்த காம்பை நர்சம்மா காட்டினாள். "பாருங்க. எப்படி இருக்கு?"

மூன்று பேரும் பார்த்தார்கள். காம்பின் நுனி உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் நசுங்கி, சாய்வாகச் சீவிய குச்சி மாதிரி இருந்தது.

"கடிச்சிருக்கான்" என்றாள் காத்தாயி. "பல்லில்லாத பய என்னா கடி கடிச்சிருக்கான்."

"கடிக்கலங்க. எங்க எல்லாரும் கட்டை விரல வாயில வைங்க."

"நாங்களா?"

"வைங்க. மேல் பல்லுக்குப் பின்னால தொடுங்க. கெட்டியா, எலும்பா இருக்கா? அப்படியே பின்னால தள்ளுங்க. மெத்துன்னு ஆவுதா?"

பால்வாடிக்கு நடுவில் நாலு பெண்கள் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஆவுது" என்று காத்தாயி விரலை எடுக்காமலே சொன்னாள். வெங்காயக் கை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு துப்பினாள். "முன்னாலயே சொல்லக் கூடாதா, கை கழுவிட்டு வந்திருப்பேன்."

"காம்பு அந்த மெத்துன்னு இருக்குற இடத்துக்குப் போவணும்" என்றாள் நர்சம்மா. "அங்க போயிட்டா அவன் என்னா இழுத்தாலும் புண்ணாவாது. அதுக்கு அவன் காம்ப மட்டும் பிடிச்சாப் பத்தாது. சுத்தி இருக்குற கறுப்பு வட்டத்தையும் சேத்து வாய் நெறைய வாங்கணும். பாலும் அந்த வட்டத்துக்கு அடியிலதான் வந்து நிக்கிது. நாக்கால அத அமுக்குனாத்தான் வரும். இவன் நுனியப் பிடிச்சிக்கிட்டு இந்த எலும்புல வச்சித் தேய்க்கிறான். அவனுக்குப் பாலும் வரல, உங்களுக்குப் புண்ணும் ஆறல."

"ஏன் நுனியப் புடிக்கிறான்?" என்றாள் பரிமளா. அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நர்சம்மா மறுபடி முயன்றாள். பிள்ளையைத் திருப்பி, வயிறும் வயிறும் ஒட்டும்படி படுக்க வைத்தாள். தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில். "நீங்க குனியாதீங்க. அவனக் கொண்டாங்க." வாயைத் திறந்ததும் கொண்டுபோனார்கள். வழுக்கி மறுபடி நுனிக்கு வந்தான். பரிமளாவின் கால் விரல்கள் சுருண்டன. இன்னொரு தடவையும் அப்படியே. நர்சம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "டிரெய்னிங்கில சொன்னது இதான். ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு தெரியல" என்று தனக்குள் சொன்னாள்.

முத்தாயி நகர்ந்து வந்து பரிமளாவின் மாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. காலையிலிருந்து இறங்கின பால் வெளியேறாமல் வட்டம் வரைக்கும் விண்ணென்று தெறித்துக்கொண்டு நின்றது.

"மடி இறுகிக் கெடக்கு" என்றாள்.

"என்னங்கம்மா?"

"ஆட்டுக்கு மடி இப்படி இறுகிட்டா குட்டிக்கு வாய் நிக்காது. பந்தக் கவ்வுறாப்ல வழுக்கும். நான் முன்னால ரெண்டு பீச்சு கீழ பீச்சி விடுவேன். மடி தொளதொளன்னு ஆனாத்தான் குட்டி புடிக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "காட்டுலேருந்து வந்தா முதப்பாலப் பீச்சிட்டுக் குடுன்னு நாங்கல்லாம் செய்யிறதுதான். இவ அதச் செய்யல."

"நர்சம்மா வேண்டாம்னுச்சு" என்றாள் பரிமளா.

"சொன்னேன்" என்றாள் நர்சம்மா. "சூட்டுப்பாலு கெட்ட பாலு இல்லங்கிறது நெசந்தாங்க. அது கெடாது. ஆனா இறுக்கத்துக்காகக் கொஞ்சம் எடுத்துட்டுக் குடுக்கலாம்னு நான் சேத்துச் சொல்லியிருக்கணும். எனக்கு ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணல."

"ஊத்துறதுல பால் சூடு போவுதுன்னுதான் நாங்களும் நெனச்சோம்" என்றாள் காத்தாயி. "இதுக்குன்னு எங்களுக்கு மட்டும் தெரிஞ்சிதா."

வட்டத்துக்கு வெளியே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, உள்ளுக்கு அமுக்கி, பிறகு ரெண்டையும் சேர்த்தால் பால் வரும். தோலை உருவக் கூடாது. பால்வாடி டம்ளரில் பரிமளா பீய்ச்சினாள். முதலில் சொட்டு, பிறகு கம்பி. மார் இளகியதும் நர்சம்மா கை காட்டினாள். காம்பு நுனியால் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டார்கள். அவன் தேடினான். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் முழுசாகத் திறந்த அந்த நேரத்தில், மோவாய் முதலில் படும்படி சேர்த்தார்கள்.

பரிமளா துண்டைக் கடித்தபடி காத்திருந்தாள். பற்றியதும் சுருக்கென்றது. வெடிப்பு வெடிப்புதானே, வலிக்காமல் இருக்காது. ஆனால் அந்தச் சுருக்கு அப்படியே கத்தியாக நீளவில்லை. உள்ளே யாரோ கயிறு கட்டி மெதுவாக இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. பிறகு ஒரு சத்தம் கேட்டது. க்ளக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தான். கன்னம் உப்பி நின்றது, உள்வாங்கவில்லை.

"எப்புடி இருக்கு?" என்றாள் நர்சம்மா.

பரிமளா வாயிலிருந்து துண்டை எடுத்தாள். "இழுக்குது" என்றாள். "அறுக்கல."

சோப்பே கூடாது என்றாள் நர்சம்மா. அந்த வட்டத்துத் தோலிலேயே எண்ணெய்க் கசிவு இருக்கிறது, சோப்பு அதை எடுத்துவிடும், வறண்ட தோல்தான் வெடிக்கும். கையை மட்டும் கழுவினால் போதும். ஊதா மருந்தை இனித் தொடவேண்டாம். குடித்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலையே காம்பில் தடவி, அப்படியே காற்றில் உலர விடவேண்டும். ஈர ரவிக்கையை மேலே கட்டக் கூடாது. புண் குறைந்த பக்கத்தில் முதலில் கொடுக்க வேண்டும். பசி வேகம் அடங்கினபின் மற்றது. தாங்கவே முடியாவிட்டால் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்டலாம். காய்ச்சல் வந்தாலோ, மார் ஒரு பக்கம் சிவந்து சுட்டாலோ, கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

"காத்துப் படணும், ஈரம் ஆவாது" என்றாள் காத்தாயி. "பட்டறை வெங்காயத்துக்குச் சொல்றதையே சொல்றியே தாயி."

டம்ளரில் இருந்த பாலை முத்தாயி கையில் எடுத்தாள். "இத என்ன செய்ய?"

"கெடாதுங்கம்மா. பாலாடை இருந்தாப் புகட்டுங்க."

முத்தாயி முந்தானையால் டம்ளரை மூடிக்கொண்டு நடந்தாள். காடு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரு நாளில் ஆறுகிற புண் இல்லை அது. சில வேளை சரியாகப் பிடித்தான். பல வேளை வழுக்கினான். வழுக்கினால் சுண்டு விரலை விட்டு எடுத்துத் திரும்பப் போட வேண்டும். களைத்து வந்து உட்காருகிறவளுக்கு அந்தப் பொறுமை சுலபமாக வராது. ஒரு நாள் அவள் வலியோடேயே விட்டுவிடப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த முத்தாயி, "எடு ஆத்தா. இன்னொரு வாட்டி போடு" என்றாள். பரிமளா எடுத்தாள். தினமும் காலையில் முத்தாயி பாலாடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்தாள். அது தேவைப்பட்ட நாளும் உண்டு, படாத நாளும் உண்டு. வைப்பதை அவள் நிறுத்தவில்லை.

கொட்டிலில் புட்டிச் சத்தம் நின்றுபோனது. பரிமளா ஒரு காலையில் எட்டிப் பார்த்தாள். முத்தாயி தாயாட்டைக் கால்களுக்கிடையில் கவ்விப் பிடித்துக்கொண்டு, கொழுத்த குட்டி ரெண்டையும் மாறி மாறி விலக்கிவிட்டுச் சவலைக் குட்டியைக் காம்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முதுகு வளைந்து, இடுப்பு பிடித்துக்கொள்கிற வேலை. கூரை இறவாணத்தில் செருகியிருந்த புட்டியைக் காணோம். எங்கே என்று பரிமளா கேட்கவில்லை.

கடைசியாக அவர்கள் காட்டில் தாள் அரிப்பு நடந்தது. காத்தாயி வீட்டிலிருந்து ரெண்டு பேரும் வந்திருந்தார்கள். மூட்டம் விலகியிருந்தது, மழை வரவில்லை. பிள்ளை முனகியதும் பரிமளா எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். கால் படாத இடமாகப் பார்த்து, ஆவாரஞ்செடி மூட்டில் முதல் பாலைப் பீய்ச்சிவிட்டாள். மண் அதை உடனே குடித்தது. மரத்தில் சாய்ந்து, பிள்ளையை அணைத்துச் சேர்த்தாள்.

முத்தாயி தன் அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளின் குவியலை இழுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் அரிவாள் சத்தமும் பிள்ளை விழுங்குகிற சத்தமும்தான்.

"பரிமளா."

"ம்."

"பெரியவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? மடி இறுகி?"

பரிமளா எங்கோ பார்த்தாள். "அப்ப காட்டுக்கே வரலயே அத்த. வூட்டுலதான இருந்தேன். பால் கட்டிக் கல்லாட்டம் இருந்துச்சு. இறுக்கந்தான். இப்பத்தான் தெரியுது."

முத்தாயியின் கை நின்றது. அரிந்த தாள் அவள் முழங்காலில் கிடந்தது.

"அதே நாள்ல கொட்டாயில ஆடு ஈனிக் கெடந்துச்சு" என்றாள். "அதுக்குப் பீச்சி விட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். நீ அழுதுகிட்டு இருந்த. புட்டி வாங்கியாரச் சொன்னேன்."

இல்லை என்று சொல்லப் பரிமளாவுக்கு வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பிள்ளையின் பாரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை நீட்டி, மாமியாரின் முழங்காலில் கிடந்த தாளை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள்.

முத்தாயி அடுத்த கொத்தை எடுத்து அரிவாள் வாயில் கொடுத்தாள்.

வெயில் இலை வழியாக இறங்கிப் பிள்ளையின் காதில் விழுந்தது. ஊதா என்றைக்கோ போய், உதடு தன் நிறத்துக்கு வந்திருந்தது. பரிமளாவுக்குக் கண் சொருகியது. எத்தனையோ மாதத்துத் தூக்கம். தலை மரத்தில் சாயும்போது தன் காலைப் பார்த்தாள். வலி இல்லாதபோதும் விரல்கள் பழைய ஞாபகத்தில் சுருண்டு மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அவற்றை நீட்டிவிட்டாள். பிறகு தூங்கிப்போனாள்.

அவள் குமியில் ஒரு காய் பாக்கியில்லாமல் முத்தாயி அரிந்து முடித்தாள்.